ஏலக்காய் மாலையும் மாப்பிள்ளையின் கடைசி ஆட்டமும்

மாண்ட்ரியல் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரியம்மா, உள்ளே இருந்த ஏலக்காய் மாலையைத் தூக்கிப் பிடித்து மோந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. இது சாப்பிடவா, போட்டுக்கொள்ளவா என்று கேட்டார். போட்டுக்கொள்ள என்றேன். யாருக்கு என்றார். ஒரு பேஸ்பால் வீரருக்கு, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு பெறுகிறார் என்றேன். எந்த வீரர், பெயர் என்ன என்று அவர் ஆசையாகக் கேட்டபோதுதான் எனக்கு அது தெரியாது என்பதே உறைத்தது. மாலையைக் கொடுத்தனுப்பிய வசந்தா அக்கா "மாப்பிள்ளைக்கு" என்று சொன்னாரே ஒழிய, மாப்பிள்ளைக்கு ஒரு பெயர் இருக்கும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

நான் கோயம்புத்தூரில் மண் பரிசோதனைக்காரி. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருக்கும் வேளாண் வளாகத்தில் ஒரு பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். எதிர் வீட்டு வசந்தா அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் கோவைக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவர். அவருடைய அக்கா மலரும் அத்தான் தவமும் மாண்ட்ரியலில் இருக்கிறார்கள். அவர்கள் மகளைக் கட்டியவர்தான் மாப்பிள்ளை. கியூபெக் மாகாணத்து வெள்ளைக்காரர். அவருக்கு முறையாக மாலை மரியாதை செய்ய வேண்டும் என்பது தவம் அண்ணாவின் ஆசை. மாண்ட்ரியலில் முருங்கைக்காய் கிடைக்கிறது, வல்லாரை கிடைக்கிறது, ஏலக்காய் மாலை மட்டும் கிடைக்கவில்லையாம். அதைச் சுமக்கத்தான் நான் பிறந்திருந்தேன்.

வளாகம் தீவின் மேற்கு நுனியில் இருக்கிறது. ஆறு, மேப்பிள் மரம், பசு மாடு, அமைதி. அமைதி என்றால் அப்படியொரு அமைதி. இரண்டாம் நாளே யாராவது ஹாரன் அடித்தால் தேவலை என்று ஆகிவிட்டது எனக்கு. அவர்களுடைய மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கறுப்பாக, ஈரமாக, கேக் மாதிரி உதிர்ந்தது. எங்கள் ஊர்ச் செம்மண்ணை நினைத்துக் கொஞ்சம் பொறாமைப்பட்டேன். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனதும் பொறாமை போய்விட்டது. எதையும் வேகவைத்து, வெந்தது போதும் என்று அத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை மலர் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டேன். இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு புனிதர் மேல்தான் விழ வேண்டும். தெருவுக்கு ஒரு புனிதர், பேட்டைக்கு ஒரு புனிதர். நான் போக வேண்டியது செயின்ட்-மிஷேல். இறங்கியது செயின்ட்-லோரன்ட். கண்ணுக்கெட்டிய தூரம் வரை தொழிற்சாலையும் கிடங்கும். லாரிகள் நின்றிருந்தன, மனிதர் யாரும் இல்லை. ஒரு மூலையில் டெப்பனர் இருந்தது. நம்மூர்ப் பெட்டிக்கடையைக் கொஞ்சம் பெரிதாக்கி பியரும் வைத்தால் அதுதான் டெப்பனர். கடைக்காரர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, இது வேறு செயின்ட்" என்றார். தினம் ஒருவராவது இப்படி வந்து நிற்பார்கள் போலிருந்தது, குரலில் அத்தனை பழக்கம்.

போன் செய்த கொஞ்ச நேரத்தில் தவம் அண்ணா காரில் வந்துவிட்டார். குள்ளமான மனிதர், வழுக்கை, கிடங்குச் சீருடையை இன்னும் கழற்றவில்லை.

"நல்ல காலம் தங்கச்சி, நான் வேலை செய்யிற இடத்துக்கே தேடி வந்திட்டியள். இன்னும் ஒரு பஸ் பிழைச்சிருந்தா ஒட்டாவாவில போய் நிண்டிருப்பியள்."

பக்கத்திலேயே ஒரு மருந்துக் கிடங்கில் அவருக்கு வேலை. காரில் ஏறியதும் முதல் கேள்வி மாலை பத்திரமா என்பது. இரண்டாவது, நான் பயணம் சுகமாகச் செய்தேனா என்பது. அதற்குப் பிறகு வீடு வரும்வரை பேஸ்பால்தான்.

மாப்பிள்ளையின் பெயர் லூக் என்று அப்போதுதான் தெரிந்தது. பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். கோடைக்காலத்தில் செயின்ட்-மிஷேல் பார்க் அணிக்குக் கேட்சர். இளவயதில் அமெரிக்காவுக்குப் போய்ச் சின்ன லீக்குகளில் ஆடி, மேலே போக முடியாமல் திரும்பி வந்தவர். ஆனால் இந்தப் பேட்டையில் அவர்தான் ராஜா. முழங்கால் இரண்டும் போய்விட்டதால் இந்த ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்துகிறார்.

"கேட்சர் எண்டால் விக்கெட் கீப்பர்தான். ஆனா முழு மட்ச்சும் குந்தி இருக்கவேணும். எங்கட சனத்துக்குத்தான் அந்த அருமை விளங்கும். வெள்ளைக்காரர் அஞ்சு நிமிசம் குந்துவினமோ, சொல்லுங்கோ பாப்பம்?"

எனக்கே இப்போதெல்லாம் குந்தி எழுந்தால் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை முழுவதும் மலர் அக்காவின் அடுப்படியில் கழிந்தது. ஒரு வாரம் வெந்ததையே தின்ற நாக்குக்கு அன்று விடுதலை. காலையில் இடியப்பமும் சொதியும். மதியத்துக்குப் புட்டும் நண்டுக் கறியும். வறுத்து அரைத்த யாழ்ப்பாணத்துத் தூளின் உறைப்பு முதலில் நாக்குக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். எனக்குக் காது சூடேறி மூக்கில் தண்ணீர் வடிய, அக்கா ஒரு கை புட்டு கூட வைத்தார்.

"சாப்பிடுங்கோ பிள்ளை. உங்கட ஊரில எல்லாத்துக்கும் இனிப்புப் போடுவினமாம் எண்டு தங்கச்சி சொன்னவ."

நண்டை உடைத்துக்கொண்டே அக்கா விஷயத்துக்கு வந்தார். ஹாலில் தவம் அண்ணா நடந்துகொண்டே ஏதோ பிரெஞ்சு மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். 'மெர்சி' மட்டும் எனக்குப் புரிந்தது.

"பாருங்கோ, நேற்றிலயிருந்து உதுதான். அவர் மாப்பிள்ளையின்ர கலியாணத்துக்குப் போகேல்ல, பிள்ளை."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"பந்து பொறுக்கிறவனுக்குப் பொம்பிளை குடுக்கிறதோ எண்டு ஒரே பிடி. சுகந்தி கேக்கேல்ல. சிற்றி ஹோலில பதிஞ்சு, கோயிலில ஒரு சின்னக் கலியாணம். தாரை வாக்க வேண்டிய மனுசன் அண்டைக்கு ஓவர்டைம் செய்தவர். என்ர தம்பிதான் நிண்டு தாரை வாத்தவன்."

"அப்புறம் எப்படிங்கக்கா சமாதானம்?"

"பேந்து மூத்த பேத்தி பிறக்க ஆசுப்பத்திரியில கண்டு கதைச்சவை. மட்ச் பாக்க வாங்கோ மாமா எண்டு மாப்பிள்ளை கூப்பிட்டார். அண்டைக்குப் போகத் தொடங்கினவர்தான், இண்டு வரைக்கும் ஒரு மட்ச் விடேல்ல. மழைக்கும் போவார். ஆனா அந்தக் கலியாணத்தைப் பற்றி மட்டும் ரெண்டு பேரும் ஒரு நாளும் கதைக்கிறேல்ல. பிழை எண்டு இவருக்குத் தெரியும், சொல்ல வாய் வராது. நாளைக்கு அந்த மாலையைப் போட்டாத்தான் மனுசனுக்கு நித்திரை வரும்."

எங்கள் ஊரில் ஓய்வு பெறுகிறவருக்கு மாலை போடுவது பெரிய காரியமே இல்லை. எங்கள் இயக்குநர் ஓய்வு பெற்ற அன்று அவர் கழுத்தில் விழுந்த சால்வைகளில் பாதி, போன மாதம் அவரே வேறு யாருக்கோ போர்த்தியவை. மாலை போட்டவுடன் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அடுத்த மாலைக்குக் கழுத்தை நீட்டுவார். இங்கே ஒரு மனிதர் ஒரே ஒரு மாலைக்காகத் தூக்கம் இல்லாமல் நடந்துகொண்டிருந்தார். கடல் தாண்டி அதைத் தூக்கி வந்தது எனக்கு அப்போது சுமையாகத் தெரியவில்லை.

மாலையில் சுகந்தி வந்தாள். பக்கத்துத் தெருவில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். அதை இங்கே கார்டெரி என்கிறார்கள். நாள் முழுவதும் குழந்தைகளை மேய்க்கிறவளுக்குரிய நிதானம் அவளிடம் இருந்தது. "லூக்குக்கு விழா எண்டால் பிடிக்காது அன்ரி. கிளப்புக்கே வேண்டாம் எண்டு சொல்லிட்டார். அப்பா கேட்டவர் எண்டதால மட்டும் மட்ச் முடிய அஞ்சு நிமிசம் எண்டு ஒத்துக்கொண்டவர்" என்றாள்.

அவள் போன கையோடு அருள் வந்தார், தோளில் ஒரு பெரிய சுருளோடு. தவம் அண்ணாவின் நெருங்கிய நண்பர்; அச்சுக்கடை வைத்திருக்கிறார். கலியாணக் கார்டும் அடிப்பார், மரண அறிவித்தலும் அடிப்பார். சனத்துக்கு வயதாகிவிட்டதால் இப்போது இரண்டாவதுதான் அதிகம் ஓடுகிறது. மாப்பிள்ளைக்கான பேனர் அவருடைய அன்பளிப்பு.

ஹால் கம்பளத்தில் சுருளை உருட்டி விரித்தார். நாங்கள் நான்கு பேரும் சுற்றி நின்று பார்த்தோம்.

நடுவில் முட்டை வடிவச் சட்டத்துக்குள் லூக்கின் முகம், சுற்றிலும் ஒளிவட்டம். பின்னணியில் மேகம். இடப்பக்கம் ஒரு குத்துவிளக்கு, வலப்பக்கம் ஒரு குத்துவிளக்கு, இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. கீழே ஒற்றை ரோஜா. இந்தப் பக்கம் 'தொடக்கம்' என்று ஒரு தேதி, அந்தப் பக்கம் 'ஓய்வு' என்று ஒரு தேதி. அதற்கும் கீழே 'நீ இல்லா மைதானம் நிலவில்லா வானம்' என்று கவிதை. கடைசி வரியில் 'பிரிவால் வாடும் மாமா, மாமி, மைத்துனர்மார் மற்றும் ரசிகர்கள்.'

கோயம்புத்தூரில் மின்கம்பத்துக்கு ஒன்றாகத் தொங்குவது இதுதான். ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலே, யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார் என்று கை தானாக நெஞ்சுக்குப் போகும். யாரும் வாய் திறக்காததால் நான் திறந்தேன்.

"ஏனுங்கண்ணா, இது கண்ணீர் அஞ்சலி மாதிரியில்லீங்க இருக்குது?"

"சீச்சீ, 'மறைவு' எண்ட இடத்தில 'ஓய்வு' எண்டு மாத்தினனான்" என்றார் அருள்.

"விளக்கு ரெண்டும் எரியுதே, அருள்" என்றார் மலர் அக்கா மெல்ல.

அருள் குனிந்து பார்த்தார். வருஷக்கணக்காக ஒரே அச்சில் வார்த்துப் பழகிய கை. பாவம், அவர் கண்ணுக்கு அது அழகாகத்தான் தெரிந்திருக்கிறது. இப்போது நாங்கள் பார்க்கிற மாதிரி அவரும் பார்த்துவிட்டார். முகம் சின்னதாகிவிட்டது. டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. தவம் அண்ணாவைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"போடவேண்டிய நேரத்தில நான் மாலை போடேல்ல. இப்ப போடுவம் எண்டு வெளிக்கிட, செத்தவீட்டுப் படம் வந்து முன்னுக்கு நிக்குது. உனக்கு அந்த உரிமை இல்லை எண்டுதான் கடவுள் சொல்லுறார் போல."

"விசர்க்கதை கதையாதேங்கோ. படம் வீட்டில கிடக்கட்டும். நீங்கள் மாலையைப் போடுங்கோ" என்று சொல்லி மலர் அக்கா பேனரைச் சுருட்டி, அரிசி மூட்டைக்குப் பின்னால் நிறுத்தினார். அதற்குப் பிறகு ஹாலில் பிரெஞ்சு கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். பார்க் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஒரு பக்கம் அலுமினிய பெஞ்சுகள், பந்து அடிக்கிற இடத்துக்குப் பின்னால் உயரமான கம்பி வலை, வலைக்குப் பின்னால் நாலைந்து பெரிய மரங்கள். டிக்கெட் கிடையாது, விளக்குக் கோபுரம் கிடையாது. ஆனால் கூட்டம் வந்திருந்தது. ஹெய்ட்டிக்காரர்கள், இத்தாலியக் கிழவர்கள், பிரெஞ்சுக் குடும்பங்கள், ஒரு பெஞ்சு நிறையத் தமிழர்கள். அவர்கள் யாரும் லூக் என்று சொல்லவில்லை. ஊருக்கே அவர் மாப்பிள்ளைதான். பாதிப் பேருக்கு பேஸ்பால் விதி தெரியாது. மாப்பிள்ளை ஆடுகிறார், அது போதும்.

வாசலில் நுழைந்ததும் தவம் அண்ணா நின்றுவிட்டார். கம்பி வலையில், வீட்டில் பார்த்ததைப்போல் இரண்டு மடங்கு அளவில், அதே பேனர் தொங்கியது. வீட்டுக்கு ஒன்று, மைதானத்துக்கு ஒன்று என்று அருள் முதலிலேயே இரண்டு அடித்து, இதைச் சனிக்கிழமை காலையிலேயே கட்டிவிட்டாராம். அவிழ்க்கலாம் என்று அவரே விடியற்காலையில் வந்து பார்த்திருக்கிறார். பிளாஸ்டிக் பட்டிகளை இழுத்து இறுக்கியிருந்ததில் கை வெட்டுப்பட்டதுதான் மிச்சம். இப்போது கத்தி தேடிப் போயிருக்கிறார் என்றார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். விளக்கு ரொம்ப அழகு என்று ஒரு ஹெய்ட்டி அம்மாள் மலர் அக்காவின் கையைப் பிடித்துப் பாராட்டினார். தமிழர்கள் வரவரத்தான் சங்கடம். ஒவ்வொருவராக வந்து, பார்த்து, வாயில் கை வைத்தார்கள். ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். இன்னொருவர் போனை எடுத்து, "லூக்குக்கு என்ன நடந்தது? நேற்றுத்தானே கடையில கண்டனான்" என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து அணி மைதானத்துக்குள் வந்தது. எல்லாரையும்விட உயரமாக, மார்புக்கவசமும் கால்கவசமும் கட்டிக்கொண்டு, கொஞ்சம் நொண்டியபடி வந்தவர்தான் லூக் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. பேனரைப் பார்த்தார். நின்றார்.

தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாதுதான். ஆனால் கல்யாணம் ஆனதிலிருந்து இந்த வீட்டின் எல்லாச் சாவுக்கும் வந்து நின்றவர் அவர். குத்துவிளக்கு இரண்டும் எதற்கு எரியும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் தலை குனிந்து நின்றார். பிறகு தன் மணிக்கட்டைத் தானே பிடித்து நாடி பார்த்தார். எங்கள் பக்கம் திரும்பி, பிரெஞ்சு மூக்கோடு, ஆனால் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில் சொன்னார்:

"மாமா, நான் இன்னும் இருக்கிறன்."

தமிழ்ப் பெஞ்சு வெடித்துவிட்டது. தொப்பியைக் கழற்றிய பெரியவர் கண்ணீர் வரச் சிரித்தார். சிரிப்பு எதற்கென்று தெரியாமல் இத்தாலியர்களும் சேர்ந்துகொண்டார்கள். தவம் அண்ணாவும் சிரித்தார், ஆனால் வாயால் மட்டும். மாலை இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு, சாமி கும்பிடப் போனவர் பிரசாதத் தட்டைப் பிடித்த மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

ஆட்டம் தொடங்கியது. எனக்குப் புரிந்தவரை, கிரிக்கெட்டில் ஒரு ஆள் நாள் பூராவும் நின்று அடிக்கலாம். இதில் மூன்று முறை விட்டால் போய் உட்கார வேண்டியதுதான். பாதி நேரம் யாரும் ஒன்றும் செய்வதில்லை. அந்த நேரத்தில் சாப்பிடுகிறார்கள். பூட்டின் என்ற ஒன்றை வாங்கித் தந்தார்கள். உருளைக்கிழங்கு வறுவல் மேல் பாலாடைக்கட்டியைப் போட்டுக் குழம்பை ஊற்றி வறுவலின் மொறுமொறுப்பைக் கெடுத்துவிடுவார்கள். கெடுத்த பிறகு ஏனோ நன்றாக இருக்கிறது. மலர் அக்கா கைப்பையிலிருந்து ஒரு குட்டி டப்பாவை எடுத்து அதன்மேல் கறித்தூளைத் தூவினார். உடனே முன்வரிசையிலிருந்து ஹெய்ட்டி அம்மாளும் தன் தட்டை நீட்டினார். வருஷங்களாக நடக்கிற கொடுக்கல் வாங்கல் இது. பதிலுக்கு அவர் தந்த இறைச்சிப் பணியாரத்தில் நம்ம ஊர் மிளகாய்க்குக் குறையாத ஒரு மிளகாய் ஒளிந்திருந்தது.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் லூக்கின் முதுகுதான். கேட்சர் கூட்டத்துக்கு முதுகு காட்டித்தானே குந்தியிருப்பார். ஒவ்வொரு பந்துக்கும் குந்துவார், எழுவார். எழும்போது தரையில் கை ஊன்றுவார். அவர் கை ஊன்றும்போதெல்லாம் தவம் அண்ணாவின் கை தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். அவருக்கே அது தெரிந்திருக்காது.

எதிரணிக்காரர்கள் பந்து அடிக்க வரும்போது, ஒவ்வொருவரும் மட்டை நுனியால் லூக்கின் கால்கவசத்தில் மெதுவாக ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் நின்றார்கள். பேச்சில்லை, கைகுலுக்கல் இல்லை. அதுதான் அவர்கள் வணக்கம் போலிருக்கிறது.

கடைசியாக லூக் மட்டை பிடிக்க வந்தார். எல்லாரும் எழுந்து அலுமினியப் பெஞ்சைக் காலால் உதைத்தார்கள். மைதானம் அதிர்ந்தது. அப்போது அம்பயர் குனிந்து, பையிலிருந்து சின்னத் தூரிகையை எடுத்து, தரையில் பதித்திருந்த வெள்ளைப் பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் தூசியே இல்லை.

"என்னங்கண்ணா இவரு, கோலம் போடறதுக்கா இப்படித் துடைக்கிறாரு?"

"சனம் கைதட்டி முடிக்கட்டும் எண்டுதான் தங்கச்சி. ஆட்டத்தை நிப்பாட்ட அவருக்கு உரிமை இல்லை. ஆனா துடைக்கலாம்" என்றார் தவம் அண்ணா. முதல் நாளுக்குப் பிறகு அவர் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது அப்போதுதான். முன்பின் தெரியாத ஒரு மனிதருக்காக நானும் பெஞ்சை உதைத்தேன்.

கடைசிப் பந்தில் சிக்ஸர் அடிக்கிற கதையெல்லாம் நம்ம ஊர் சினிமாவில்தான். லூக் மூன்று முறை வீசினார், மூன்றும் காற்றில் போயின. அவுட். அதற்கும் அதே கைதட்டல். ஒரு ஓட்டத்தில் அணி தோற்றது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். 'தவம்' என்ற பெயர் மட்டும் காதில் விழுந்தது. எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். தவம் அண்ணா எழவில்லை. பேனரையே பார்த்துக்கொண்டிருந்தார். அருள் கத்தியோடு வந்து ஒரு பக்கப் பட்டிகளை அறுத்திருந்தார். அது பாதி மடிந்து தொங்கியது.

"எழும்புங்கோ" என்றார் மலர் அக்கா.

"வேண்டாம் மலர். அந்தப் படத்துக்கு முன்னால மாலை போட்டு மாப்பிள்ளைக்கு ஏதும் நடந்தால்? நான் போடேல்ல."

சுகந்தி அப்பாவையே பார்த்தாள். அவள் கல்யாணத்தன்றும் இப்படித்தான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. சும்மா இருக்க முடியவில்லை.

"அண்ணா, கோயம்புத்தூர்ல இருந்து இதைப் பெட்டியில வெச்சுத் தூக்கிட்டு வந்தவ நானுங்க. நீங்க போடலீன்னா நானே போயிப் போட்டுடுவேன். அப்புறம் ஒரு பொம்பளை ஆம்பளைக்கு மாலை போட்டா ஊரு என்ன சொல்லும்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்க?"

"அன்ரி, எனக்கு அந்த ஆள் இன்னும் தேவைப்படுது" என்றாள் சுகந்தி.

தவம் அண்ணாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் எழுந்துவிட்டார். எழுந்த பிறகு உட்கார முடியாது, மைதானமே பார்க்கிறது. பையிலிருந்து மாலையை எடுத்தார். வெயிலில் இருந்ததால் ஏலக்காய் மணம் நாலு வரிசைக்கு வீசியது.

மைதானத்தின் நடுவே, குந்தியிருந்த அதே இடத்தில் லூக் நின்றிருந்தார். முகமூடியைக் கழற்றி அக்குளில் இடுக்கியிருந்தார். முகமெல்லாம் மண். அண்ணாவின் ஒரு கையில் மாலை, ஒரு கையில் மைக். "போன்ஜூர்" என்றார். மேலே வரவில்லை. இரண்டு நாள் மனப்பாடம் செய்த பிரெஞ்சு அத்தனையும் போய்விட்டது. ஒரு மூச்சு இழுத்துத் தமிழில் சொன்னார்:

"தம்பி, கலியாணத்துக்கு நான் வராதது பிழை."

ஒலிபெருக்கி அதைப் பார்க் முழுவதும் கொண்டு போனது. பிரெஞ்சுக்காரர்கள் ஏதோ பாராட்டு என்று நினைத்துக் கைதட்டினார்கள். தமிழ்ப் பெஞ்சில் ஒரு சத்தமும் இல்லை.

லூக் மைக்கைக் கேட்டு வாங்கவில்லை. மாமாவின் கையிலேயே அது இருக்க, குனிந்து அதில் பேசினார். சொற்களைத் தேடித் தேடி எடுத்தார்.

"மாமா, நீங்கள் வந்தனீங்கள். கலியாணத்துக்கு இல்லை. அடுத்த கிழமை மட்ச்சுக்கு. அந்த மரத்துக்குப் பின்னால நிண்டனீங்கள். மேல போன பந்தைப் பிடிக்க நான் வலைக்குக் கிட்ட ஓடி வந்தனான். நீங்கள் ஒளிச்சனீங்கள். அந்த வருசம் முழுக்க வந்தனீங்கள், ஒவ்வொரு மட்ச்சும். நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்ல. அதால நானும் சொல்லேல்ல."

மலர் அக்கா என் கையைப் பிடித்தார். "எனக்கு ஓவர்டைம் எண்டெல்லோ சொன்னவர்" என்றார். சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளிடம்கூடச் சொல்லாமல் இத்தனை வருஷம் ஒரு மனிதர் தன் மாமனாரின் மானத்தைக் காத்திருக்கிறார்.

அண்ணா மாலையை உயர்த்தினார். எட்டவில்லை. அவர் குள்ளம், மாப்பிள்ளை ஆறடிக்கும் மேல். நுனிக்காலில் நின்று பார்த்தார், அப்போதும் எட்டவில்லை. லூக் தலை குனியவில்லை. முகமூடியைக் கீழே போட்டுவிட்டு, தன் இடத்தில், தனக்குத் தெரிந்த விதத்தில் மாமாவின் முன்னால் குந்தினார். முழங்கால் இரண்டும் நெட்டி முறிகிற சத்தம் மைக்கில் கேட்டது.

மாலை ஒரு காதில் மாட்டி, பிறகு கழுத்தில் விழுந்தது. அண்ணா அதை நேராக்கினார், திரும்பவும் நேராக்கினார். தூசியே இல்லாத பலகையைத் துடைத்த அம்பயரைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். லூக் எழப் பார்த்தார், முடியவில்லை. தரையில் கையை ஊன்றினார், அப்போதும் முடியவில்லை. தவம் அண்ணா மைக்கை மண்ணில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டி, மாப்பிள்ளையைப் பிடித்து எழுப்பிவிட்டார்.